திருப்பிச் சொல்லவும்

ஹார்ட்வெல்
11 ஜூன் 2023

அன்புள்ள மாமாவுக்கு,

நோரீன் எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலமாக வந்து சேர்ந்தோம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது, பிராட்டனில் மழை உண்டா என்று எழுதுங்கள்.

வீட்டில் இன்னும் பதினேழு பெட்டிகள் பிரிக்கப்படாமல் கிடக்கின்றன. கல்யாணமான ஒன்பது ஆண்டுகளில் இது நான்காவது முகாம். ஒவ்வோர் ஊரிலும் உங்கள் மகனுக்காக ஒரு பீரங்கி தயாராக நிற்கிறது. நான்தான் என் தொழிலை முதலிலிருந்து நிரூபிக்க வேண்டியிருக்கிறது. காதைச் சோதித்துக் கருவி பொருத்தும் உரிமம் மூன்று மாநிலங்களில் வாங்கினேன். இரண்டாவதற்கு எட்டு மாதம் காத்திருந்தேன். வாஷிங்டன் மாநிலத்தில் பதினொரு மாதம். அதுவரை ஒரு டயர் கடையின் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன்.

இங்கே திருமதி டெல்ஃபீன் ஓக்ஸ் என்று ஒருவர், எழுபத்தொரு வயது, ஊரிலேயே ஒரே செவிக்கருவி நிலையத்தை நடத்துகிறார். ஓய்வுபெற விரும்புகிறார். நான் போய்ப் பார்த்தேன். "இந்த ஊர்ல பாதிப் பேருக்குக் காது போயிடுச்சும்மா. மீதிப் பேரு போகலைன்னு பொய் சொல்றாங்க. நமக்கு வேலைக்குப் பஞ்சமே இல்ல" என்றார். அக்டோபர் 31-க்குள் உரிமம் கையில் இருந்தால் நிலையத்தை எனக்குப் பழக்கிவிட்டுப் படிப்படியாக ஒப்படைப்பாராம். இல்லையென்றால் கட்டிடத்தைப் பக்கத்துக் கைப்பேசிக் கடைக்கு விற்றுவிடுவாராம்.

படைவீரரின் மனைவிக்கு வேறு மாநில உரிமத்தை அப்படியே ஏற்கும் சட்டம் இங்கே இருக்கிறதாம். முகாமில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நீங்கள் படித்துச் சொல்வீர்களா? தொலைபேசியில் கேட்டிருப்பேன், நீங்கள் எடுப்பதே இல்லை. ஈஸ்டரன்று நீங்களும் உங்கள் மகன் லொவெலும் பேசியபோதுகூட, இரு பக்கமும் "ஆமா, ஆமா" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

உங்கள் மகன் அன்பைத் தெரிவிக்கச் சொன்னார்.

உங்கள் மருமகள்
நோரீன்


பிராட்டன், நெப்ராஸ்கா
19 ஜூன் 2023

அன்பு மருமகள் நோரீனுக்கு,

உன் கடிதம் பதினாறாம் தேதி வந்தது. நீங்கள் இருவரும் நலம் என்பது மகிழ்ச்சி. முழங்கால் மழையை ஒரு நாள் முன்னதாகவே எனக்கு அறிவிக்கிறது. ஆனால் ஆலங்கட்டியை அறிவிக்கவில்லை. வடக்கு வயல்களில் மக்காச்சோளம் சாய்ந்துவிட்டது.

தொலைபேசியில் சட்டம் பேசுவதில்லை என்பது என் பழைய வழக்கம். எழுத்தில் இருப்பதே நிற்கும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. நான் நெப்ராஸ்காவில் மட்டுமே வழக்கறிஞர். எல்லையைத் தாண்டினால் உன் நிலைதான் எனக்கும். ஆகவே கீழே உள்ளது சட்ட ஆலோசனை அன்று. வாசிக்கத் தெரிந்த ஒரு மாமனார் வாசித்துச் சொல்வது.

உங்கள் மாநிலச் சட்டத்தை மூன்று முறை படித்தேன். அது பல வகையினருக்குப் பொருந்தும். உனக்குரிய வகையை மட்டும் எழுதுகிறேன். மற்றவை உன்னைக் குழப்பும். பணியில் உள்ள படைவீரரின் மனைவி, அவருடைய மாற்றல் உத்தரவின்படி இங்கே குடிவந்து, வேறு மாநிலத்தில் குற்றங்குறையற்ற உரிமம் வைத்திருந்தால், விண்ணப்பம் முழுமையடைந்த நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள் வாரியம் உரிமம் வழங்க வேண்டும். முழுமையடைதல் என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். உன் பெயர் இடம்பெற்ற மாற்றல் உத்தரவு, திருமணச் சான்று ஆகியவற்றை நீ இணைக்க வேண்டும். வாஷிங்டன் உரிமம் செல்லுபடியாகிறது என்ற உறுதிக் கடிதத்தை அந்த மாநில வாரியமே நேராக இந்த வாரியத்துக்கு அனுப்ப வேண்டும்.

என் கட்சிக்காரர்களிடம் கேட்பதையே உன்னிடமும் கேட்கிறேன்: புரிந்துகொண்டதை எனக்குத் திருப்பி எழுது. லொவெலையும் இரண்டு வரி எழுதச் சொல்.

ஆசிகளுடன்
எம்மெட் குசேரா


ஹார்ட்வெல்
2 ஜூலை 2023

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே வெயில் கொளுத்துகிறது, மற்றபடி குறையில்லை. சாய்ந்த சோளம் நிமிர்ந்ததா?

திருப்பி எழுதுகிறேன்: உத்தரவு, திருமணச் சான்று, வாஷிங்டன் வாரியத்தின் கடிதம். எல்லாம் சேர்ந்தால் முப்பது நாள். ஜூன் 29 அன்று விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன், வாஷிங்டனுக்கும் எழுதிவிட்டேன்.

திருப்பி எழுதச் சொன்னதை லொவெலிடம் காட்டினேன். சிரித்துவிட்டு, "அப்பா வக்கீலாப் போனது தப்பு. எங்க பீரங்கிப் பேட்டரியில இருந்திருக்கணும்" என்றார். பீரங்கிக்கு எந்தத் திசை, எவ்வளவு உயரம் என்று கணக்கிட்டு எண் சொல்பவர்கள் தொலைவில் ஒரு வண்டியில் இருப்பார்களாம். குழுத் தலைவர் காதில் மாட்டிய கருவியில் அதைக் கேட்டு, ஒவ்வோர் எண்ணையும் திருப்பிச் சொல்ல வேண்டுமாம். மறுமுனையிலிருந்து சரி என்று வராமல் யாரும் சுடக்கூடாதாம்.

சனிக்கிழமை திருமதி ஓக்ஸ் வீட்டில் விருந்து. விறகில் சுட்ட இறைச்சி, முட்டைக்கோஸ் கலவை. அவர் பேசும்போதெல்லாம் லொவெல் கண் எடுக்காமல் பார்த்தார். கிளம்பும்போது அந்த அம்மாள் என் தோளைத் தட்டி, "உன் புருஷன் என் வாயவே பாத்துக்கிட்டிருந்தான். எழுபத்தொரு வயசுல என் லிப்ஸ்டிக்க ரசிக்க ஒரு ஆளு கெடச்சிருக்கான், பத்திரமா வச்சுக்கோ" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

லொவெலுக்கு எழுத நேரமில்லை. நாளை மறுநாள் சுதந்திர தின வாணவேடிக்கைக்கும் வரவில்லை என்றார்.

அன்புடன்
நோரீன்


பிராட்டன்
10 ஜூலை 2023

அன்பு நோரீனுக்கு,

நலம், உங்கள் நலத்தை விரும்புகிறேன். சோளம் நிமிரவில்லை. காப்பீட்டு விண்ணப்பங்கள் மூன்று என் மேசைக்கு வந்துள்ளன.

உன் விண்ணப்பம் முறையாக உள்ளது. இனிக் காத்திருப்பதே வேலை.

திருமதி ஓக்ஸின் நகைச்சுவையை இரண்டு முறை படித்தேன். அவர் எத்தனை ஆண்டுகளாக இத்தொழிலில் இருக்கிறார்?

ஆசிகளுடன்
எம்மெட் குசேரா


ஹார்ட்வெல்
6 ஆகஸ்ட் 2023

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களுக்கு நலம் பெருக வேண்டுகிறேன். என் பக்கத்தில் ஒரு முட்டாள்தனம் நடந்துவிட்டது.

என்னிடம் ஒரு தடித்த நீலக் கோப்பு உண்டு. படைவீரரின் மனைவிகள் எல்லோரிடமும் இருக்கும். தடுப்பூசிச் சீட்டு முதல் வாடகை ஒப்பந்தம் வரை அதில்தான். வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் பிரித்து, துளையிட்டு, அதில் கோத்துவிட வேண்டும். அடுத்த ஊரில் யார் எதைக் கேட்பார்கள் என்று தெரியாது. ஜூலை நடுவில் வாஷிங்டனிலிருந்து ஓர் உறை வந்தது. கை தானாகப் பிரித்தது, துளையிட்டது, கோத்தது. நல்ல காகிதம், முத்திரையோடு. அதுதான் உறுதிக் கடிதம். முகவரிக் கட்டத்தில் பழக்கத்தில் எங்கள் வீட்டு முகவரியையே எழுதியிருக்கிறேன். நானே அதை வாரியத்துக்கு அனுப்பினேன். பிரித்த உறை செல்லாது, துளையிட்ட காகிதம் செல்லவே செல்லாது என்று திருப்பிவிட்டார்கள். மறுபடி எழுதியிருக்கிறேன், ஆறு வாரம் ஆகுமாம்.

திருமதி ஓக்ஸ் நாற்பத்து நான்கு ஆண்டுகளாக இத்தொழிலில் இருக்கிறார்.

இன்னொரு கேள்வி. இது என் தோழி ஒருத்திக்காக. அவள் கணவரும் பீரங்கிப் படைதான். அவளும் விண்ணப்பித்திருக்கிறாள். உரிமம் வருவதற்குள் கணவர் பணியை விட்டு விலக நேர்ந்தால் அவள் விண்ணப்பம் என்ன ஆகும்? உத்தரவு ரத்தானால் வீடும் போகும், மற்றதும் போகும் என்பதுதான் இங்கே எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அவசரமில்லை, அவள் சும்மா கேட்டாள்.

அன்புடன்
நோரீன்


பிராட்டன்
14 ஆகஸ்ட் 2023

அன்பு நோரீனுக்கு,

இங்கே அனைவரும் நலம் என்று எழுதுவது வழக்கம். இந்த வீட்டில் அனைவரும் என்றால் நான் ஒருவனே. நலம்.

உறையைப் பிரித்ததற்காக வருந்தாதே. நீதிமன்ற முத்திரையிட்ட உயிலைப் பிரித்துப் படித்துவிட்டு என்னிடம் வந்த வழக்கறிஞர் ஒருவரை நான் அறிவேன்.

உன் தோழியின் வினா முழுமையாக இல்லை. கணவர் ஏன் விலக நேரும்? தாமே விலகுவாரா, விலக்கப்படுவாரா? எப்போது? இவை தெரியாமல் பதில் எழுதுவது பொறுப்பாகாது. கேட்டு எழுது.

ஆசிகளுடன்
எம்மெட் குசேரா


ஹார்ட்வெல்
17 செப்டம்பர் 2023

அன்புள்ள மாமாவுக்கு,

ஒரு மாதமாகப் பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். நான் நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

தோழியிடம் கேட்டேன். அவள் கணவருக்குக் காது கேட்பது குறைந்துகொண்டே வருகிறது. இரண்டு ஆண்டுகளாக. அவள் அறிவாள், அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும், இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆண்டுதோறும் கண்ணாடிக் கூண்டில் உட்காரவைத்து, ஒலி கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். அவர் ஒலியைக் கேட்டு அழுத்துவதில்லை. இடைவெளியை எண்ணி, வெளியே இருப்பவரின் தோள் அசைவதைப் பார்த்து அழுத்துகிறார். பழைய ஆட்கள் பலருக்கும் தெரிந்த வித்தைதான். இந்த ஆண்டுச் சோதனை அக்டோபர் 4.

ஆகஸ்டில் ஒரு பயிற்சி. எண் ஒன்றை மாற்றிக் கேட்டிருக்கிறார். திருப்பிச் சொன்னபோது மறுமுனையில், "இல்ல, திரும்பக் கேளுங்க" என்றார்கள். சரியாகிவிட்டது. அவருடைய குழுவில் ஆறு பேர் இருக்கிறார்கள். குண்டு விழ வேண்டிய இடத்துக்கு இப்பால் இன்னொரு குழு இருந்தது. அன்று வீட்டுக்கு வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அவள் கேட்டதற்கு, "உன் காகிதம் வரட்டும்டி. அதுவரைக்கும்தான். நான் இப்ப வெளிய வந்துட்டா நீ மறுபடி டயர் கடைக்குத்தான் போகணும்" என்றார்.

அவளுக்கு என்ன சொல்லட்டும்?

நோரீன்


பிராட்டன்
20 செப்டம்பர் 2023
(விரைவு அஞ்சல்)

அன்பு நோரீனுக்கு,

நலம் விசாரிப்பதை இம்முறை கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

உன் தோழி கணவரோடு உட்கார்ந்து இதைப் படிக்கட்டும்.

ஒன்று. விண்ணப்பம் சாகாது. இச்சட்டம் பணியில் இருப்பவருக்கும், கண்ணியமாகப் பணியிலிருந்து விலகியவருக்கும், இவ்விருவரின் வாழ்க்கைத்துணைக்கும் ஒரே வரியில் உரிமை தருகிறது. உடல்நலக் காரணத்தால் விடுவிக்கப்படுவது அந்தக் கண்ணியத்தைக் குறைக்காது.

இரண்டு. கிடைத்த உரிமம் அவளுடையது. முகாம் வீடு உத்தரவோடு வரும், உத்தரவோடு போகும். உரிமம் அப்படிப்பட்டதன்று. அவருடைய படைப்பிரிவு அவள் பெயரில் உள்ள தாளைத் திரும்பப் பெற முடியாது.

மூன்று. முகாமில் படைக் குடும்பங்களுக்கான சட்ட உதவி அலுவலகம் இருக்கும். மேலே உள்ள இரண்டையும் அவர்களிடம் கேட்டு எழுத்தில் வாங்கவும். நான் சொன்னேன் என்பது போதாது.

இந்த முதல் செய்தியை நான் ஜூனிலேயே எழுதியிருக்க வேண்டும். கேட்ட வினாவுக்கு மட்டும் பதில் சொல்வது என் தொழிற்பழக்கம். உனக்குரிய வகையை மட்டும் எழுதினேன். மற்றவை குழப்பும் என்றேன். ஆகஸ்டில் மறுபடியும், பதில் கையில் இருந்தும், விவரம் கேட்டு எழுதினேன். என் கவனம் அந்த மனிதரைத் தேவைக்கு மேல் மூன்று மாதம் பீரங்கியருகே நிறுத்தியது. அந்தத் தவறு என்னுடையது.

இனி எழுதுவது சட்டம் அன்று. நான் எட்டு ஆண்டுகளுக்கு முன் நீதிமன்றத்தை விட்டு உயில்களுக்கும் நிலப் பத்திரங்களுக்கும் வந்தேன். வயதைக் காரணமாகச் சொன்னேன். உண்மை வேறு. ஒரு சாட்சியின் பதில் எனக்குக் கேட்கவில்லை. திரும்பக் கேட்க வெட்கப்பட்டுக் கேட்டவன்போலத் தலையாட்டினேன். அதற்கான விலையை என் கட்சிக்காரர் கொடுத்தார். அன்றிலிருந்து, சட்டம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். ஈஸ்டரன்று தொலைபேசியில் என் மகன் என்ன சொன்னான் என்பது எனக்கும் தெரியாது. நான் "ஆமாம்" என்றேன்.

உன் தோழியின் கணவருக்கு நான் தகப்பனாக இருந்தால் இதைச் சொல்வேன்: ஆகஸ்டில் உன்னைக் காப்பாற்றியது உன் காது அன்று, திருப்பிச் சொல்லும் வழக்கம். நீ கேட்டதில் பிழை இருக்கலாம் என்று ஒப்புக்கொள்வதற்காகவே அந்த வழக்கம் இருக்கிறது. நான்காம் தேதி அந்தக் கூண்டில் ஒப்புக்கொள். நான் செய்யாததை நீ செய்.

அவர் இதைத் திருப்பிச் சொல்லவும்.

இருவரும் நலமா?

எம்மெட் குசேரா


ஹார்ட்வெல்
5 அக்டோபர் 2023

அப்பா,

எனக்கு எழுத வராது, பேசற மாதிரியே எழுதறேன். நோரீனோட தோழி அவளேதான், அந்தப் புருஷன் நான்தான்னு உங்களுக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கும். தெரியாத மாதிரியே மூணு பக்கம் எழுதினீங்க பாருங்க, அத நெனச்சு நெனச்சு ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்புறம் அவ அழுதா. சரி, அத விடுங்க.

திருப்பிச் சொல்றேன்.

விண்ணப்பம் சாகாது. கேட்டுது. உரிமம் அவளோடது, என் உத்தரவோட வால் இல்ல. கேட்டுது. சட்ட உதவி ஆபீஸ்ல எழுதி வாங்கினோம். அங்க இருந்த பெண் கேப்டன் உங்க கடிதத்தப் படிச்சுட்டு, "இவர் எங்க வேலை செய்யறார், எங்களுக்கு வேணுமே" அப்படின்னாங்க. எல்லையத் தாண்டினா செல்லாதுன்னு சொன்னேன்.

நாலாம் தேதி. கூண்டுக்குள்ள போய் ஹெட்ஃபோன் மாட்டினதும், வெளிய சோதிக்கிற அம்மாவுக்கு முதுகக் காட்டித் திரும்பி உட்கார்ந்தேன், தோள் தெரியக் கூடாதுன்னு. ரொம்ப நேரம் ஒண்ணுமே கேக்கல. ஆரம்பிக்கலையோன்னு நெனச்சேன்ப்பா. வெளிய வந்தப்ப அவங்க தாளப் பாத்துட்டு, "சார்ஜென்ட், போன வருஷம் உங்களுக்கு நாய்க்காதுன்னு எழுதியிருக்கே" அப்படின்னாங்க. போன வருஷம் உங்க தோள் நல்லா கேட்டுதுன்னு சொன்னேன்.

பீரங்கிய விட்டு நிறுத்திட்டாங்க. மருத்துவக் குழு பாக்கும். பயிற்சிப் பள்ளியில எடம் குடுத்தாலும் குடுக்கலாம், வெளிய அனுப்பினாலும் அனுப்பலாம். எதுன்னு தெரியாது. ஆறு பேரும் வந்து கை குடுத்தாங்க. இப்ப தூக்கம் வருது.

ஈஸ்டர் அன்னிக்கு நான் சொன்னது இதுதான்: அப்பா, எனக்குச் சரியாக் கேக்கல.

நீங்க ஆமான்னீங்க.

லொவெல்


ஹார்ட்வெல்
29 அக்டோபர் 2023

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் நலமாக இருக்கிறீர்களா? நாங்கள் நலம் என்று இந்த ஆண்டில் முதன்முறையாக உண்மையாகவே எழுதுகிறேன்.

வாஷிங்டன் கடிதம் செப்டம்பர் 26 அன்று நேராக வாரியத்தை அடைந்தது. உரிமம் 26 அக்டோபர், முப்பதாவது நாள், வீட்டுக்கு வந்தது. நான் பிரித்துத் துளையிட்டுவிடுவேன் என்று பயந்து லொவெல் தபால்காரரிடம் தானே கையெழுத்துப் போட்டு வாங்கினார். திருமதி ஓக்ஸ் தன் சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு அதே ஆணியில் என்னுடையதை மாட்டினார். வெளுத்த சுவரில் அவருடைய சான்றிதழின் அளவுக்கு ஒரு நீலக் கட்டம் மிச்சம் இருக்கிறது. என்னுடையது கொஞ்சம் சின்னது. "வளர்ந்துடும்" என்றார்.

லொவெலுக்கு முகாம் மருத்துவமனையில் இரண்டு கருவிகள் கொடுத்தார்கள். முதல் நாள் திருமதி ஓக்ஸை நேராகப் பார்க்காமல், முதுகைக் காட்டிக்கொண்டே பதில் சொன்னார். "இப்ப என் லிப்ஸ்டிக் அலுத்துப் போச்சா உனக்கு?" என்று கேட்டதற்கு, "அந்தக் கலர் உங்களுக்கு எடுக்கவே இல்ல, சொல்லணும்னு நாலு மாசமா இருந்தேன்" என்றார். மருத்துவக் குழு இன்னும் முடிவு சொல்லவில்லை. எதுவானாலும் நாங்கள் இந்த ஊரில்தான் இருக்கப்போகிறோம் என்று இருவரும் முடிவு செய்துவிட்டோம். பதினேழு பெட்டிகளையும் பிரித்தாயிற்று.

இத்துடன் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். என் பெயர் அச்சிட்ட முதல் சீட்டு. பெயர், நாள், மணி எல்லாம் நிரப்பியிருக்கிறேன். சட்டப்படி முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அன்புடன்
நோரீன்


பிராட்டன்
6 நவம்பர் 2023

அன்பு நோரீனுக்கும் லொவெலுக்கும்,

உங்கள் கடிதங்கள் இரண்டும் என் முன் இருக்கின்றன. முழங்கால் உட்பட அனைத்தும் நலம்.

சீட்டைப் பரிசீலித்தேன். குறை ஒன்றும் காணவில்லை. திருப்பி எழுதுகிறேன்: எம்மெட் குசேரா, வயது எழுபத்து மூன்று, நவம்பர் 21, செவ்வாய், காலை பத்து மணி, செவிச் சோதனை. சோதிப்பவர் நோரீன் குசேரா, இந்த மாநிலத்தில் உரிமம் பெற்றவர். ஞாயிறு காலை புறப்பட்டு, வழியில் ஓர் இரவு தங்கி வருகிறேன். வியாழனன்று நன்றியறிதல் திருநாள் விருந்துக்கு இருந்துவிட்டுப் போவேன். கசகசாப் பூரணம் வைத்த கொலாச்சி இனிப்பு ரொட்டி இரண்டு டஜன் கொண்டுவருகிறேன். திருமதி ஓக்ஸுக்கும் சேர்த்து. நானும் முதுகைக் காட்டித் திரும்பி உட்காருவேன்.

லொவெல், பதினொன்றாம் தேதி மாலை ஏழு மணிக்குத் தொலைபேசியில் கூப்பிடு. எடுக்கிறேன். எனக்குக் கேட்காவிட்டால், கேட்கவில்லை என்று சொல்கிறேன். நீ திரும்பச் சொல்.

அப்பா